சேகர் சொன்ன மூன்று 'ஓவர்'

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்து வீட்டுக்குப் போனேன். போன ஒன்றரை மணி நேரத்தில் அதை இழவு வீடாக்கிவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஒரே ஒரு ஆங்கில வார்த்தைக்கு அர்த்தம் சொன்னேன், அவ்வளவுதான்.

மீஞ்சூரில் இருபத்தெட்டு வருஷம் ஆங்கில டீச்சராக இருந்தவள் நான். இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று நீங்கள் சலித்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. என்ன செய்வது? ரிட்டயர் ஆனது வேலைதான், வியாதி இல்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் கை சிவப்புப் பேனாவைத் தேடுகிறது. ஓட்டல் மெனு கார்டில் எழுத்துப் பிழை இருந்தால் பசி போய்விடுகிறது. யாராவது ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் போதும்... குரல் தானாக ஒரு கட்டை ஏறி, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்.

அந்தக் குரல்தான் வினையாகப் போனது.

தேசம்மா எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டிய குப்பம் அவளுக்கு. அன்னக்கூடையோடு பஸ் ஏறி வந்து, எங்கள் வாசலில் இறக்கி வைத்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வியாபாரத்தை ஆரம்பிப்பாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம். எனக்கு எந்த மீன் பிடிக்கும் என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தேசம்மாவுக்குத் தெரியும்.

"டீச்சரம்மா, ஞாயித்துக்கெழம பேத்திக்கு காதுகுத்து. நீ வந்தே ஆவணும். வர்லன்னு வையி, இனிமே உன் வூட்டுக்கு நெத்திலி கூட கெடையாது."

இப்படி மிரட்டி அழைத்தால் போகாமல் இருக்க முடியுமா?

பஸ் பிடித்து, திருப்பாலைவனம் தாண்டி, பழவேற்காட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பாலம் கடந்து குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. வீட்டைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. பேனர் தெரிந்தது. பேனருக்குப் பின்னால் எங்கேயோ வீடு இருந்தது.

அப்படி ஒரு பேனரை நான் பார்த்ததில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, படகின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி ஒரு இளைஞன் ஆளுயரத்துக்கு நிற்கிறான். 'தாய்மாமன் சேகர் அன்புடன் அழைக்கிறார்.' காது குத்திக்கொள்ளப் போகிற குழந்தை யாழினி, அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் இருக்கிறாள். குழந்தையைப் பெற்ற அப்பா முரளி? தேடினேன். கீழே, பிரஸ்காரர் பெயருக்கு மேலே, தபால் தலை சைஸில் இருந்தார்.

சேகர், தேசம்மாவின் மகன். அவன் தங்கை கவிதாவை மீஞ்சூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை முரளிக்கு ஃபேக்டரி வேலை. கவிதாவின் குழந்தைக்குத்தான் இந்தக் காதுகுத்து.

தேசம்மா என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"அந்த பேனர பாத்துட்டு எங்க மாப்ள ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டாரு டீச்சரம்மா. 'மச்சான், இது கொஞ்சம் ஓவரா இல்ல?'னு. அவ்ளோதான். ரெண்டு வாரமா மாமனுக்கும் மச்சானுக்கும் பேச்சே கெடையாது."

"சேகர் எங்கே?"

"கடலுக்கு."

"இன்றைக்கா?"

"ஆமா. விருந்துக்கு மார்க்கெட்டுல மீனு வாங்கக்கூடாதாம். 'என் மருமவளுக்கு நான் புடிச்ச மீனுதான்'னு, சித்தப்பன் மவன் ரவிய இட்டுகினு விடியறதுக்கு முன்னாடி போனவன். ஒம்போது மணிக்கெல்லாம் வந்துடறேன்னான்."

ஒன்பது மணி போனது. பத்து ஆனது. பத்தரையும் ஆனது.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பித்துவிடும். காது குத்த வந்த ஆசாரிக்குத் திருப்பாலைவனத்தில் இன்னொரு விசேஷம் இருந்தது. அவர் ஊசியைத் துடைத்தார், வாட்சைப் பார்த்தார், மறுபடியும் ஊசியைத் துடைத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா, சம்பந்தியம்மா, பந்தலில் பட்டுப்புடவையோடு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தேசம்மா முன்பே சொல்லியிருந்தாள். நேரில் பார்த்தபோது, தேசம்மா குறைத்துச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது.

"கோச்சிகினு போயிட்டாருபோல தாய்மாமன். அதான் அவ்ளோ பெருசா பேனரு வச்சிருக்காரே... குழந்தைய அந்த பேனரு மடியில சாத்தி வச்சு குத்திடலாமா?"

பந்தலில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் வந்தது. இருமலாக மாற்றிக்கொண்டேன். கவிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முரளி தலையைக் குனிந்துகொண்டு வேட்டிக் கரையை எண்ணிக்கொண்டிருந்தார்.

இதில் எதிலுமே கலந்துகொள்ளாத ஒருவர் இருந்தார். தேசம்மாவின் கணவர் எத்திராஜ். முழங்கால் வலியால் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டவர். இப்போது கரையில் அவருக்கு ஒரு உத்தியோகம்: படகுகளோடு பேசுகிற வாக்கி டாக்கி. அது கருவி அல்ல, அந்த வீட்டின் மூத்த பிள்ளை. விருந்தாளிகள் நின்றுகொண்டிருந்தார்கள். அது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், துண்டு விரித்து உட்கார்ந்திருந்தது.

பேசி முடித்தால் 'ஓவர்' சொல்ல வேண்டும் என்று எப்போதோ யாரோ சொல்லிக் கொடுத்தது அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. "வா டீச்சரம்மா, மோர் சாப்புடு, ஓவர்" என்றுதான் என்னை வரவேற்றார்.

மணி பத்தே முக்கால் இருக்கும். ஒன்பதிலிருந்து எத்தனை கூப்பிட்டும் பேசாத வாக்கி கரகரவென்றது. எத்திராஜ் பாய்ந்து எடுத்தார். பந்தலே எழுந்து சூழ்ந்துகொண்டது.

சேகர் குரல்தான். ஆனால் பாதி சேகர், பாதி கரகர.

"நைனா... நைனா... இஞ்சினு..." – கரகர – "ஓவரு... தண்ணி ஓவரு நைனா..." – நீளமான கரகர – "மீனு ஓவரு... ஆவாது நைனா... ஆவாது... ஓவர்."

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

எத்திராஜ் கூப்பிட்டார். "சேகரு... சேகரு... இன்னாடா ஓவரு? திருப்பி சொல்லு. ஓவர்." பதில் இல்லை. ஐந்தாறு தடவை கூப்பிட்டார். கரகரப்புகூட இல்லை. செல்போனில் அடித்துப் பார்த்தார்கள். அந்தத் தூரத்துக்கு டவர் கிடையாது.

எத்திராஜ் வாக்கியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"கடேசி ஓவரு தெரியும். அது செட்டு ஓவரு. பேசி முடிச்சாச்சுனு அர்த்தம். முன்னாடி மூணு ஓவரு சொன்னானே... அதான் இன்னான்னு புரியல."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததும் பந்தலே திரும்பி என்னைப் பார்த்தது.

"டீச்சரம்மா. இங்கிலீஷ் வார்த்ததானே அது? நீ சொல்லு."

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன சொல்லியிருப்பாள்? 'தெரியலையே அண்ணா, இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாருங்க' என்றிருப்பாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். அந்தக் குரல் வந்துவிட்டது.

"ஓவர் என்றால் முடிந்தது என்று அர்த்தம். இன்ஜின் ஓவர் – அதாவது இன்ஜின் போய்விட்டது, வேலை செய்யவில்லை. மீன் ஓவர் – மீன் இல்லை, கிடைக்கவில்லை."

"அப்போ தண்ணி ஓவருன்னா? தண்ணி முடிஞ்சுபோச்சா?" – கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்.

சுமாராகப் படிக்கிற மாணவி நல்ல கேள்வி கேட்டால் வருமே ஒரு சந்தோஷம்... அந்தச் சந்தோஷத்தோடு பதில் சொன்னேன்.

"கடலில் தண்ணீர் எப்படிம்மா முடியும்? அந்த இடத்தில் ஓவர் என்றால் அதிகம் என்று அர்த்தம். படகுக்குள்ளே தண்ணீர் அதிகமா..."

வாயை மூடிக்கொண்டேன். நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் கேட்டது.

ஆனால் பந்தலுக்கு எனக்கு முன்பே கேட்டுவிட்டது. இன்ஜின் போய்விட்டது. படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது. 'ஆவாது நைனா, ஆவாது' என்கிறான்.

"ஐயோ என் புள்ளே!" என்று ரவியின் அம்மா மண்ணில் விழுந்தாள். அடுத்த நொடி மொத்தக் குப்பமும் கத்தியது.

ஆண்கள் கரைக்கு ஓடினார்கள். சமையல்காரர் கரண்டியோடு ஓடினார். மேளக்காரர் மேளத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். மூன்று ஃபைபர் போட்டுகளைத் தண்ணீரில் தள்ளினார்கள். ஒருவன் டீசல் கேனோடு வந்தான், ஒருவன் கயிறோடு. யார் யாருக்கோ போன் பறந்தது.

அப்போது நடந்ததை நான் கண்ணால் பார்க்காமல் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மூன்றாவது போட்டு அலையைத் தாண்டும்போது, பட்டு வேட்டி கட்டிய ஒரு உருவம் பந்தலிலிருந்து பாய்ந்தது. இடுப்பளவு தண்ணீரில் தடுமாறி விழுந்து எழுந்து, போட்டின் விளிம்பைப் பிடித்துத் தொங்கியது. உள்ளே இருந்தவர்கள் மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள்.

முரளி.

"டேய்! உனக்கு நீச்சல் தெரியாதுடா! குளத்துலயே எறங்க மாட்டியேடா!" – சம்பந்தியம்மா மணலில் செருப்பில்லாமல் ஓடினார்.

போட்டு போய்விட்டது.

கரையில் பெண்களும் குழந்தைகளும் எத்திராஜும் நானும்தான் மிச்சம். நான் மேளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என்னையே எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

தேசம்மா அழவில்லை. தண்ணீருக்குப் பத்தடி தள்ளி மணலில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் குழந்தை யாழினி, பட்டுப்பாவாடையும் மல்லிகைப்பூவுமாக, மண்ணை அள்ளிப் பாட்டியின் கையில் போட்டுக்கொண்டிருந்தது. தேசம்மா கடலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, கடலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"டீச்சரம்மா... அந்த வார்த்தைக்கு வேற அர்த்தமே இல்லியா?"

இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். மார்க்குக்காகக் கேட்டார்கள், பரீட்சைக்காகக் கேட்டார்கள். ஒரு தாய், பிள்ளையின் உயிருக்காக ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்குப் படித்தது எல்லாம் மறந்துபோனது.

பதில் பின்னாலிருந்து வந்தது. சம்பந்தியம்மா. ஓடி ஓடிக் களைத்து, பட்டுப்புடவையோடு ஈர மணலில் அப்படியே தேசம்மாவை ஒட்டி உட்கார்ந்தார். இருவரும் இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்தது அதுவரை நடந்திருக்காது.

"ஏன் டீச்சர், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. எம்புள்ள சாப்பிட உக்காந்தா, 'அம்மா, சாம்பார்ல உப்பு ஓவரு'ம்பான். அப்ப இன்னா அர்த்தம்? உப்பு முடிஞ்சுபோச்சுனா?"

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"உப்பு... அதிகம்னு அர்த்தம்."

"அப்போ மீனு ஓவருன்னா?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

யோசித்துப் பாருங்கள். மெஸ்ஸில் 'சாப்பாடு ஓவர்' என்று போர்டு மாட்டினால் சாப்பாடு இல்லை. 'காரம் ஓவர்' என்றால் காரம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஒரே மெஸ், ஒரே வாய், இரண்டு நேரெதிர் அர்த்தம்! 'அவங்க லவ் ஓவர்' என்றால் பிரிந்துவிட்டார்கள். 'அவங்க லவ் ரொம்ப ஓவர்' என்றால் பீச்சில் பக்கத்தில் உட்கார முடியவில்லை. ஷேர் ஆட்டோவில் 'ஓவர் லோடு' என்றால் மடியில் ஒருவர் இருக்கிறார். பெண் 'ஓவர் மேக்கப்' என்றால் பவுடர் தூக்கல். மாப்பிள்ளைத் தோழன் 'ஓவராயிட்டான்' என்றால் அவனைத் தூக்கிக்கொண்டு போக இரண்டு பேர் வேண்டும். என் வீட்டுக்காரருக்கோ ஓவர் என்றால் ஆறு பந்து. அது முடியும்வரை வீட்டில் கேஸ் தீர்ந்தாலும் சொல்லக்கூடாது.

இத்தனையும் எனக்குத் தெரியும். தினமும் காதில் விழுகிற வார்த்தை. ஆனால் பந்தலில் கேட்டபோது, அகராதியில் முதலில் வருகிற அர்த்தம்தான் வாயில் வந்தது. தெருவில் கேட்ட அர்த்தம் வரவில்லை.

"மீனு ஓவருன்னா... மீனு எக்கச்சக்கம்னு அர்த்தமா டீச்சரம்மா?" – தேசம்மாவின் குரலில் முதல்முறையாக உயிர் வந்தது.

"இருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

"இருக்கலாம் தேசம்மா. எனக்குத் தெரியலை." சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் தாமதமாக.

"தண்ணி ஓவருன்னா, குடிக்கற தண்ணி தீந்துபோச்சுனும் இருக்கலாம்ல?" என்றார் சம்பந்தியம்மா. "எங்க தெருவுல லாரி வந்துட்டு போனா அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"அப்ப இஞ்சினு?" என்று கேட்டாள் ரவியின் அம்மா. அழுகையை நிறுத்திவிட்டு அவளும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"இஞ்சின் சூடு ஓவரா இருக்கும்! 'சூடு' அந்த கரகரால போயிருக்கும்!" – இது எத்திராஜ். முழங்கால் வலியோடு நின்றுகொண்டே இருந்தவர், சொல்லிவிட்டு அவசரமாக வாக்கியை வாயருகே கொண்டுபோனார். "சேகரு! சூடு ஓவரா? ஓவர்!"

பதில் இல்லை.

ஆனாலும் அந்தக் கரையில் காற்று மாறிவிட்டது. ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் உயிரைப் பிடித்து நிறுத்தியிருந்தோம். ஒருத்தி சந்தேகப்படுவாள், இன்னொருத்தி சமாதானம் சொல்வாள். 'ஆவாது' என்றால் என்ன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

சம்பந்தியம்மா தேசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எப்போது பிடித்தார் என்று நான் கவனிக்கவில்லை. "உன் புள்ளையும் அங்கதான் கீது, என் புள்ளையும் அங்கதான் கீது" என்று மெதுவாகச் சொன்னாள் தேசம்மா. அந்த அம்மா தலையை ஆட்டினார். அவர் வாயிலிருந்து வார்த்தை வராமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பதினொன்றரைக்கு எத்திராஜ் கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்தார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

நிறுத்தினார். நாங்கள் மூச்சையே நிறுத்தினோம்.

"நாலு."

நான்காவது போட்டு மற்றவற்றைவிடத் தண்ணீரில் தாழ்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டவன் நடப்பதுபோல வந்தது. அலையைத் தாண்டி நெருங்கியதும் தெரிந்தது – விளிம்பு வரைக்கும் கானாங்கத்தை மீன்! வெயிலில் வெள்ளியும் பச்சையுமாகக் கண் கூசியது. அதன் மேல் கால் வைக்க இடமில்லாமல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றான் சேகர். பக்கத்தில் ரவி.

"இன்னா நைனா? ஊரே வருது? யாருக்கு இன்னா ஆச்சு?" என்று அங்கிருந்தே கத்தினான்.

கரையில் கால் வைத்ததும் தேசம்மா அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். பிறகு அதே கன்னத்தைத் தடவினாள். பிறகு இன்னொரு கன்னத்திலும் ஒன்று விட்டாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

நடந்தது இதுதான். வலையில் கானாங்கத்தைக் கூட்டம் சிக்கியிருக்கிறது. விருந்துக்கு என்று போனவன், விட மனசில்லாமல் மொத்தத்தையும் ஏற்றிவிட்டான். கனத்தில் இன்ஜின் சூடாகி நின்றுவிட்டது. ஆற வைத்துக் கொஞ்ச தூரம், நிறுத்திக் கொஞ்ச தூரம் என்று வந்திருக்கிறார்கள். குடிதண்ணீர் கேனை ரவி காலால் தட்டிவிட்டான். 'சொன்ன நேரத்துக்கு வர ஆவாது நைனா' என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அவன் வாக்கியில் சார்ஜ் போய்விட்டது.

இன்ஜின் ஓவர், சூடு அதிகம். தண்ணி ஓவர், தண்ணி இல்லை. மீன் ஓவர், மீன் அதிகம். மூன்றுக்கும் நான் அர்த்தம் சொன்னேன். மூன்றும் தப்பு. பரீட்சையில்கூட ஒருவன் இப்படி எல்லாவற்றையும் தப்பாக எழுத முடியாது. எங்கேயாவது ஒன்று தவறிப்போயாவது சரியாகிவிடும்.

இரண்டு பேர் கைத்தாங்கலாக முரளியை இறக்கினார்கள். போகும்போது முழுக்க வாந்தியாம். வரும்போதும் வாந்தி. பட்டு வேட்டி, பட்டு என்று சொல்லும் நிலையில் இல்லை. முகம் வெளிறி, கால் துவண்டு நின்றார்.

சேகர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாப்ள... உனுக்கு தண்ணின்னாலே ஆவாதே. நீ எதுக்கு வந்த?"

"நீ இல்லாம... காது யாரு மடியில..." என்று ஆரம்பித்த முரளி முடிக்கவில்லை. மச்சானின் தோளில் சாய்ந்தார். பாசத்தால் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சேகர் மட்டும் கொஞ்சம் சுதாரித்து அவரைத் திருப்பிக் கடல் பக்கமாகப் பிடித்துக்கொண்டான். இன்னொரு வாந்தி.

"மணி பதினொண்ணே முக்கால்!" என்று கத்தினார் ஆசாரி.

குளிக்க நேரமில்லை. மாற்றுத் துணிக்கு நேரமில்லை. செதில் ஒட்டிய கையோடு, உப்பு பூத்த தலையோடு, தாய்மாமன் அப்படியே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியில் யாழினி. நான் மேளத்தை மேளக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாசித்தார்.

முதல் காதில் ஊசி இறங்கியபோது குழந்தை அழவில்லை. மாமன் கையில் ஒட்டியிருந்த பளபளப்பான செதில் ஒன்றை உரித்தெடுப்பதில் கவனமாக இருந்தது. இரண்டாவது காதுக்குத்தான் வீறிட்டது. அதைவிடச் சத்தமாக அழுதது சேகர். கறுப்புக் கண்ணாடி போட்ட அந்தப் பேனருக்குக் கீழேயே உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுக அழுதான். சம்பந்தியம்மா தன் பட்டுப்புடவை முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"அழாத தம்பி. பேனருலாம் நல்லாதான் கீது" என்றார்.

பந்தி நடந்தது. கானாங்கத்தைக் குழம்பு, வறுவல், மறுபடியும் வறுவல். மீஞ்சூரிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் பையில் வேறு கொடுத்தனுப்பினார்கள். முரளி மட்டும் மோர் சாதம். மீன் வாசனை வந்தாலே படகு ஆடுகிறதாம்.

நான் ஒரு மூலையில் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். எதிரில் வந்து உட்கார்ந்தான் சேகர்.

"டீச்சரம்மா, போட்டுல தண்ணி ஏறிச்சுனு நீதான் சொன்னியாமே?"

மீன் முள்ளைவிட அந்தக் கேள்விதான் தொண்டையில் குத்தியது. "தப்பு என்மேலதான் சேகர். எல்லோரையும் பதற வைத்துவிட்டேன்" என்றேன்.

"ஐய, நீ இன்னா பண்ணுவ? நீ படிச்சத நீ சொன்ன. தப்பு எம்மேலதான்." வறுவல் ஒன்றை எடுத்து என் இலையில் வைத்தான். "தெரியாத பாஷையில நான் பேசியிருக்கவே கூடாது. இன்னிக்கி முடிவு பண்ணிட்டேன் டீச்சரம்மா. இனிமே வாக்கியில ஒரு இங்கிலீஷ் வார்த்த கூட கெடையாது. சுத்த தமிழுதான்."

"அப்படியா? எப்படிச் சொல்வாய்?"

"இன்னா கஷ்டம்? மீனு ஜாஸ்தி. தண்ணி காலி. இஞ்சினு பேஜாரு. முடிஞ்சுது!"

ஜாஸ்தி, காலி, பேஜார். மூன்றுமே தமிழ் இல்லை. மூன்றும் எங்கிருந்து வந்தவை என்று எனக்குத் தெரியும். தொண்டை தானாகக் கனைத்துக்கொண்டது. அந்தக் குரல் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது...

சட்டென்று இலையில் இருந்த வறுவலை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன்.